வாயில்லா வீடு – 14: சாவி ஹேதலிடம் இருந்தது

உத்தராயணத்தன்று விடிந்ததும் புல் லாரியைத் தேடிக் கிளம்பிய பானுபென், பாஞ்ராபோளின் சாவியைக் கணவர் கையில் கொடுக்கவில்லை. மகள் கையில் கொடுத்தாள்.

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள். தீரஜ்பாய் நல்ல மனிதர். அதுதான் சங்கடம். எதிரே நிற்பவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் தெரிந்தால் போதும், பையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சட்டையையும் கழற்றித் தருவார். அவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு, பூட்டாமலே போகலாம்.

போன வாரம் இவர்கள் ஊரான வாங்காசரில் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை.

பால் வற்றிய பசு, ஏர் இழுத்து ஓய்ந்த காளை, கசாப்புக்குப் போகிற வழியில் மீட்ட ஆடு என்று யாருக்கும் வேண்டாத ஜீவன்களை ஊர் மகாஜனம் வைத்துக் காப்பாற்றுகிற இடம்தான் பாஞ்ராபோள். நிர்வாகம் தீரஜ்பாயின் தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில்தான். இப்போது பெயருக்குத் தீரஜ்பாய், பாடுபடுவது பானுபென். கட்ச்சில் மழை பொய்த்து இது இரண்டாவது வருஷம். மேய்ப்பவர்கள் தங்கள் மாடுகளை ஓட்டிவந்து கேட்டருகே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். நூறு மாட்டுக்குக் கட்டிய இடத்தில் இப்போது நானூறு, எலும்பும் தோலுமாக. அவற்றை அடுத்த மழை வரைக்கும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்தை விட்டால் பானுபென்னுக்கு இந்த வருஷம் வேறு ஆசையே இல்லை.

கால்நடை டாக்டர் ரேவா கோஹில் மகாஜனக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லியிருந்தாள்.

"பட்டினி கிடந்த வயிறு இதுங்களுக்கு. காஞ்ச புல்லு மட்டும்தான் தாங்கும். பாவம் பார்த்து கோதுமையும் வெல்லமும் போட்டீங்கன்னா உள்ள போய்ப் புளிச்சுப் பொங்கும். ரத்தமே புளிச்சுப் போயிடும். படுத்தா எழுந்திருக்காது."

எல்லோரும் தலையாட்டினார்கள். உத்தராயணத்துக்கு மாட்டுக்கு லாப்சி போடக்கூடாது என்று பானுபென் சொன்னதும் ஆடின தலை அத்தனையும் நின்றுவிட்டது. கோதுமை ரவையும் வெல்லமும் கிண்டி அன்றைக்கு மாட்டு வாயில் வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. கஞ்சிக்கு வழியில்லாதவன்கூட ஒரு உருண்டையாவது வைப்பான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "கொடுக்கிற கையைத் தடுக்கிறாளே" என்றார்கள். தடுப்பவருக்கு வரவேண்டியதெல்லாம் தடைபட்டுப் போகும் என்பது ஜைனர்களான இவர்கள் தொட்டில் பழக்கமாக அறிந்த விஷயம். அந்தராய தோஷம் என்பார்கள். கொலையைவிட அதற்கு அதிகம் பயப்படுகிறவர்கள் உண்டு. "ஹேதலுக்கு ரெண்டு வரன் கைகூடாமப் போச்சே, சும்மாவா?" என்று கோயில் படியில் ஒருத்தி கேட்டாள். அது பானுபென் காதில் விழுந்து வெளியே போய்விட்டது. தீரஜ்பாய் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

இனி உத்தராயணம்.

"மம்மி, இன்னிக்குப் போயே ஆகணுமா? அவங்க பத்து மணிக்கெல்லாம் வந்துடுவாங்க" என்றாள் ஹேதல். தலைக்குக் குளித்து ஈரம் சொட்ட நின்றாள்.

"லாரி அச்சு முறிஞ்சு ஹைவேயில கிடக்குது. டிரைவர் பட்டம் விட வீட்டுக்குப் போயிட்டான். நேத்தே இதுங்களுக்கு அரை வயிறு. டிராக்டரை எடுத்துட்டுப் போய் நாமதான் ஏத்திட்டு வரணும்."

"டிராக்டர் ஓட்ட ஹமீர்பாய் இருக்காரே, அவர் மட்டும் போகக்கூடாதா?"

"தனியா எத்தனை கட்டு தூக்குவாரு? மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்டி."

"பொண்ணோட அம்மா எங்கன்னு கேட்டா?"

"புல்லு வாங்கப் போயிருக்கான்னு சொல்லு. மாட்டுக்கொட்டில் வீட்டுல பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு அதுகூடப் புரியலேன்னா, அந்த வீடு நமக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, இந்த வீடு வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. மும்பை முலுண்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் பாவின் இரண்டு மாதமாக ஹேதலோடு போனில் பேசுகிறான். பேசிவிட்டு வரும்போது மகள் முகம் எப்படி இருக்கிறது என்று தாய்க்குத் தெரியாதா?

இடுப்பிலிருந்து சாவியை உருவி ஹேதல் கையில் வைத்தாள்.

"உங்க பப்பா கேட்டாக்கூடக் குடுக்காதே."

"சரி."

"யாரு வந்தாலும்."

"பகவானே வந்து வெளிய நின்னாலும் திறக்க மாட்டேன். போதுமா? கிளம்பு மம்மி."

டிராக்டர் தெருமுனை திரும்பும்வரை ஹேதல் வாசலில் நின்றாள். மொட்டை மாடிகளில் அதற்குள் பட்டம் ஏறத் தொடங்கிவிட்டது.

முலுண்ட்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கார் முன்னால் வந்தது. பின்னால் ஒரு டெம்போவும் வந்ததைத் தீரஜ்பாய் எட்டிப் பார்த்தார். டெம்போவில் வெள்ளைத் துணி கட்டிய பெரிய பெரிய அண்டாக்கள்.

பாவினின் அம்மா பிரபாபென் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதிகாரம் செய்கிற பெண்பிள்ளை இல்லை. இருந்திருந்தால் ஹேதலுக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். கணவர் போய் வருஷம் திரும்பாத விதவை. வந்ததும் ஹேதலின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"போட்டோல இருக்கறதைவிட நல்லா இருக்கியேம்மா! பாவின், நீ சொன்னது பொய்யில்லடா."

"அம்மா!" என்று பாவின் நெளிந்தான்.

டீ ஆயிற்று, கடலைமிட்டாயும் ஆயிற்று. பொண்ணோட அம்மா புல் வாங்கப் போன கதையைக் கேட்டுப் பிரபாபென் கண் கலங்கினாள். "எப்பேர்ப்பட்ட மனசு! இந்த வீட்டுல சம்பந்தம் வைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். பிறகு மெல்ல எழுந்தாள்.

"வாங்க, முதல்ல வந்த வேலையை முடிச்சுடலாம். பாவின் அப்பா போனப்புறம் முதல் உத்தராயணம் இது. அவர் பேர்ல இதுங்களுக்கு என் கையாலயே போடணும்னு வேண்டிக்கிட்டேன். ராத்திரி தங்கின சொந்தக்காரங்க வீட்டுல விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமையல்காரனை ஒதுங்கச் சொல்லிட்டு நானே கிண்டினேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு!"

தீரஜ்பாயும் எழுந்தார். "பிரபாபென், இந்த வருஷம் என்னன்னா... டாக்டர் கொஞ்சம்..."

"என்ன டாக்டர்?"

"லாப்சி வேண்டாம்னு... பட்டினி வயிறு பாருங்க..."

"பட்டினி வயித்துக்குச் சாப்பாடு வேண்டாம்னு சொன்ன டாக்டரா?" பிரபாபென் சிரித்தாள். கேலி இல்லை, நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை. "அந்த டாக்டருக்கு யாராவது முதல்ல சோறு போடுங்க."

தீரஜ்பாயும் சிரித்துவைத்தார். சிரித்ததோடு அவர் எதிர்ப்பு தீர்ந்தது.

கேட்டருகே அண்டாக்களை இறக்கி வெள்ளைத் துணியை அவிழ்த்தார்கள். சூடான வெல்ல வாசனை காற்றில் கிளம்பியது. அவ்வளவுதான். நேற்று அரை வயிறாகக் கிடந்த முன்கட்டு மந்தை மொத்தமும் எழுந்து கேட்டுக்கு ஓடி வந்தது. கம்பிகளில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு கதறின. "அம்மா... அம்மா..." என்று அந்தக் கூப்பாடு தெருமுனைவரை கேட்டது. பிரபாபென் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கேக்குதா ஹேதல்? எப்படிக் கூப்பிடுது பாரு" என்றார் தீரஜ்பாய்.

ஹேதல் சாவியை முந்தானையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். "பப்பா, மம்மி சொல்லியிருக்காங்க."

"தானத்துக்கு வந்த மாட்டையே பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. நாம தானத்தையே பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம்." அவர் மகள் காதருகே குனிந்தார். "நான் செத்ததுக்கப்புறம் உன்னை யாரும்மா பாத்துப்பாங்க? தடுத்துத் தடுத்துதான் எல்லாம் தடையாப் போச்சு. ஆளுக்கு ஒரு கை. ஒரே ஒரு கை போட்டா மாடு செத்தா போயிடும்?"

ஹேதல் பாவினைப் பார்த்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை. அவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லையே என்பதே அவளுக்குப் பாரமாகிவிட்டது.

ஒரு கைதானே.

சாவி பூட்டுக்குள் போனது.

பசித்த மந்தைக்கு ஒரு கைக் கணக்கெல்லாம் தெரியுமா? முதல் அண்டா தள்ளிக் கவிழ்ந்தது. இரண்டாவதில் முகம் புதைத்தவை வெளியே எடுக்கவில்லை. பிரபாபென் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வாரி வாரி ஊட்டினாள். பாவின் போனில் படம் எடுத்தான். கபரி என்ற புள்ளிப் பசு, ஒற்றைக் கொம்புக்காரி, பிரபாபென்னின் முழங்கை வரைக்கும் நக்கியது. ஹேதல் பள்ளிக்கூடத்தில் படித்தபோது லாரிக்கடியிலிருந்து பானுபென் இழுத்துவந்த கன்று அது.

அது மட்டும் என்றால்கூடப் போகட்டும். கேட் திறந்ததை எதிர்மாடியில் பட்டம் விட்டவர்கள் பார்த்துவிட்டார்கள். தடுக்கப்பட்ட புண்ணியம் பொல்லாதது. ஒரு வாரமாக மூக்கால் அழுதாலும் அன்று வழக்கம்போல லாப்சி கிண்டி வைத்திருந்த ஊர் முழுக்கக் கிண்ணமும் வாளியுமாக இறங்கி ஓடிவந்தது. "பானுபென் மனசு மாறிட்டாளா? பகவான் புத்தி குடுத்தான்!" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போட்டார்கள்.

ஹேதல் கேட்டைச் சாத்தப் பார்த்தாள். சாத்த முடியவில்லை. பின்கட்டுக்குப் போகிற சின்னக் கதவை மட்டும்தான் அவளால் தாழிட முடிந்தது. அங்கே இருந்த காளைகளும் ஆடுகளும் மதில்மேல் எட்டி எட்டிப் பார்த்தன.

பிரபாபென் குடும்பம் மாண்ட்வியில் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிற்று. போகும்போது ஹேதலின் தலையைத் தொட்டு, "சாயங்காலம் போன் பண்றேன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. தீரஜ்பாய் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தியா?" என்றார்.

பானுபென் வந்துசேர மத்தியானம் தாண்டிவிட்டது. டிராக்டர்மேல் புல்கட்டுகளின் உச்சியில் உட்கார்ந்து வந்தாள். முகமெல்லாம் தூசு. ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள். மாடிகளிலிருந்து "லப்பேட்! லப்பேட்!" என்று பட்டம் அறுத்த பையன்கள் கத்தினார்கள். ஊரில் பெண்கள் அவளைப் பார்த்துப் புன்னகைத்தது மட்டும்தான் விநோதமாக இருந்தது. ஒரு வாரமாக முகம் கொடுக்காதவர்கள் அவர்கள்.

"ஹமீர்பாய், ரெண்டு கட்டை அவிழ்த்து முன்னாடி போடுங்க. பாவம், காலையிலேருந்து வாய் பார்த்துட்டுக் கிடக்கும்."

ஹமீர்பாய் புல்லை உதறிப் போட்டார். ஒரு மாடும் எழுந்து வரவில்லை.

பக்கத்தில் நின்ற எருமைக்கன்று புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியில் செத்துக்கொண்டிருக்கும் கன்று புல்லைப் பார்த்து முகம் திருப்புகிறது. பானுபென் டிராக்டரிலிருந்து இறங்கினாள். இறங்கியபோதே வெல்ல வாசனை வந்தது. அதோடு வேறொரு வாசனையும். புளித்த மாவு வாசனை.

கபரி மதிலில் சாய்ந்து நின்றது. இடது விலா உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. காலெடுத்து வைக்கப் பார்த்துக் குடிகாரனைப் போலத் தடுமாறியது.

"ஹேதல்!"

ஹேதல் வந்தாள். புதுப் புடவையில் அங்கங்கே வெல்லம் ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் திறந்தேன்" என்றார் தீரஜ்பாய் பின்னாலிருந்து. "குழந்தையை ஒண்ணும் சொல்லாதே பானு. நான்தான்."

"சாவி உங்ககிட்ட இல்லையே."

"நான் கேட்டேன், அவ..."

"நீங்க கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அவகிட்ட குடுத்தேன்." பானுபென் மகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரு போட்டது? எவ்வளவு?"

"அவங்கம்மா... அப்புறம் எல்லாரும். ஊரே வந்துடுச்சு மம்மி. ஒரு கைன்னுதான் நினைச்சேன்."

அடிப்பாள் என்று ஹேதல் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலாம். பானுபென் புல்கட்டுமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரே எதிர்த்தபோது ஒற்றை ஆளாக நின்றவளுக்கு, வீட்டுக்குள்ளிருந்து தள்ளியபோது நிற்கத் தெம்பில்லாமல் போய்விட்டது.

ஒரு நிமிஷம்தான். எழுந்து டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் ரேவா ஜில்லாத் தலைநகரில் இருந்தாள். உத்தராயணம் வந்தால் டாக்டர்கள் எல்லோரும் அங்கேதான், பட்ட நூல் அறுத்துக் காயப்பட்ட பறவைகளுக்குத் தையல் போடும் முகாமில். ஊர் முழுக்கப் புறாவைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாள் அது. அங்கே கருணைக்கு வரிசை நின்றது. இங்கே கருணை போட்டதை இறக்க ஆளில்லை.

"எத்தனை தின்னுச்சு?" என்றாள் டாக்டர்.

"முன்கட்டு முழுக்க."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பறவை கீச்சிடுவது கேட்டது.

"நான் கிளம்பறேன். ஆனா வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் சமையல் சோடாவைத் தண்ணில கரைச்சுப் பாட்டில்ல ஊத்துங்க. எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு. படுக்க விடாதீங்க."

"பிழைக்குமா?"

"ஊத்துங்க பானுபென்."

கடை எல்லாம் அடைத்திருந்தது. திறந்திருந்த ஒரே கடையிலும் சோடாவைப் பண்டிகைப் பலகாரத்துக்கு ஊரே வாங்கித் தீர்த்திருந்தது. ஹேதல் புடவையைச் சொருகிக்கொண்டு வீடு வீடாக ஓடினாள்.

"சோடாவா? மாப்பிள்ளை வீட்டுக்குக் காந்தியா பலகாரம் பொரிக்கிறீங்களாக்கும்!" என்றாள் முதல் வீட்டுக்காரி, பல்லெல்லாம் தெரிய.

"மாடு விழுது அண்ணி. லாப்சி தின்னது."

சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே போய்ச் சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். கொடுத்துவிட்டு, "நான் போட்டது ஒரு கிண்ணம்தான் ஹேதல்" என்றாள்.

அடுத்த வீட்டிலும் ஒரு கிண்ணம்தான். எண்ணெய்க்காரர் வீட்டில் அரை வாளி, அதுவும் தண்ணியாகக் கிண்டியது. கோயில் படியில் வாய் நீட்டியவள் கதவைப் பாதி திறந்து சோடா டப்பாவை நீட்டினாள். தான் குழந்தை கையால் ஒரே ஒரு உருண்டை வைத்ததாகச் சத்தியம் செய்தாள். யாரும் கொலை செய்யவில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம்தான் போட்டார்கள். ஹேதலால் யாரையும் வாய் திறந்து திட்ட முடியவில்லை. அவள் செய்ததும் அதேதான், ஒரு கை.

முந்தானையில் சேர்ந்தது ஒரு படி இருக்கும்.

பானுபென் கரைத்தாள், ஹமீர்பாய் மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கினார், தீரஜ்பாய் பாட்டிலைக் கடைவாயில் செருகினார். பத்து மாட்டுக்கு ஊற்றுவதற்குள் அந்தப் பக்கம் இரண்டு படுத்துவிடும். ஓடிப்போய் வாலை முறுக்கி எழுப்புவார்கள். எழுந்தது இரண்டடி வைத்து மறுபடி முட்டி மடங்கும். எருமைக்கன்றுதான் முதலில் போயிற்று. சத்தமே போடவில்லை. ஏதோ ஞாபகம் வந்தாற்போலக் கழுத்தை நீட்டிப் படுத்தது, அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் சிலர் வந்து கேட்டருகே நின்றார்கள். உள்ளே வரத் தயக்கம். ஒருவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேடிக்கை பார்க்காதீங்க. வந்து பிடிங்க" என்று ஹமீர்பாய் கத்தினார். நாலைந்து பேர் வந்து பிடித்தார்கள். மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள்.

பொழுது சாயும் நேரத்துக்கு டாக்டர் ரேவாவின் ஜீப் வந்தது. அவள் கையில் இன்னும் புறா ரத்தம் இருந்தது. உள்ளே நுழைந்து ஒரு சுற்று நடந்து பார்த்தாள். யாரையும் திட்டவில்லை. அதுவே பானுபென்னுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"சோடா எவ்வளவு மிச்சம்?"

ஹேதல் சட்டியின் அடியைக் காட்டினாள்.

"நான் கொண்டு வந்ததும் போதாது. நிக்கிறதுக்கு மட்டும் ஊத்துங்க. படுத்தது..." டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படுத்ததை விட்டுடுங்க."

"விடுறதுன்னா?"

"பானுபென், ஒண்ணுக்கு ஊத்தி வீணாக்குற நேரத்துல பிழைக்கிறது ரெண்டு போயிடும்."

கபரி படுத்திருந்தது.

பானுபென் கையில் கரைத்த பாட்டில் இருந்தது. அதோடு கபரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டிலைப் பார்த்தாள், கபரியைப் பார்த்தாள். அந்த மாடு அவளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நாக்கை நீட்டியது. பானுபென் பாட்டிலை ஹமீர்பாயிடம் கொடுத்துவிட்டாள். வாய் திறந்து "கொண்டு போங்க" என்று சொல்லக்கூட வரவில்லை. ஒற்றைக் கொம்புத் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, காதருகே குனிந்து நவகார மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். போகிற உயிருக்குக் கொடுக்க அவளிடம் அதுதான் மிச்சமிருந்தது. நடுவில் ஒரு வரி மறந்துபோயிற்று. நாள் தவறாமல் சொல்கிற மந்திரம் அவளுக்கு மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

சூரியன் போய்விட்டது. அஸ்தமனத்துக்கு முன்னால் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து முடிப்பதை ஒருநாளும் தவறவிடாத தீரஜ்பாய், இன்றைக்குச் சூரியன் போனதையே கவனிக்கவில்லை. எருமைக்கன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லதுன்னுதானே பானு..." என்றார். "அழுதுச்சு. கூப்பிட்டுச்சு. நீயே இருந்திருந்தாலும்..."

"நான் இருந்திருந்தா திறந்திருக்க மாட்டேன்."

"ஆமாம்" என்றார் அவர். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். தேற்ற யாருக்கும் கை ஓயவில்லை.

அப்போதுதான் பானுபென்னின் போன் அடித்தது. கையெல்லாம் நுரையும் சாணமுமாக இருந்தது. ஹேதல்தான் எடுத்து, பெயரைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி அம்மா வாயருகே பிடித்தாள்.

"பானுபென்! முதல்ல வாயில இனிப்பு போட்டுக்குங்க, அப்புறம் பேசறேன்!" பிரபாபென்னின் குரல் அந்தக் கொட்டிலில் மணியடித்தது. பின்னணியில் பட்டம் அறுத்த பிள்ளைகளின் ஆரவாரம். "எங்களுக்கு முழு சம்மதம். நான் ஜாதகம்கூடக் கேக்கலை. உங்க வீட்டு ஜீவன்களே சகுனம் சொல்லிடுச்சே! அந்த ஒத்தைக் கொம்பு மாடு இருக்கு பாருங்க, என் கையை விடவே மாட்டேன்னுச்சு. அவரே வந்து வாங்கிச் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. நல்லா சாப்பிட்டுச்சா?"

பானுபென் மடியில் கபரியின் கண் திறந்தபடியே இருந்தது. மூச்சு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

"சாப்பிட்டுச்சு" என்றாள். "எல்லாமே சாப்பிட்டுச்சு, பிரபாபென்."

"என் வயிறு நிறைஞ்சுது. ஆனா ஒண்ணே ஒண்ணு மனசை அறுக்குது. பின்கட்டுல இருந்ததுங்க பாவம், எட்டி எட்டிப் பார்த்துச்சு. அதுங்களுக்குப் போடாமலே வந்துட்டேன். ரெண்டு அண்டா புதுசா கிண்டச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில ரயிலுக்கு முன்னாடி நானே கொண்டு வந்து போட்டுட்டு, அங்கேயே நிச்சயத் தாம்பூலமும் மாத்திக்கலாம். கேட்டைத் திறந்து வைங்க. என்ன?"

தீரஜ்பாய் அழுகையை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். சேறு பூசிய இரண்டு கையையும் கூப்பினார். சொல்லிவிடு என்று கும்பிட்டாரா, சொல்லிவிடாதே என்று கும்பிட்டாரா, அவருக்கே தெரியாது.

மதிலுக்கு அப்பால் பின்கட்டில் மிச்சமிருந்த காளைகளும் ஆடுகளும் பசியில் கத்தின. அவற்றுக்கு இன்னும் புல்கூடப் போடவில்லை.

ஹேதல் ஒரு கையால் போனைப் பிடித்தபடியே மறு கையால் இடுப்பிலிருந்த சாவியை உருவினாள். வெல்லம் பிசுபிசுத்த சாவி. அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இதை என்கிட்ட குடுக்காதே மம்மி" என்றாள், போனுக்குக் கேட்காத குரலில். "நாளைக்கு அவங்க வந்து நின்னா நான் மறுபடியும் திறந்துடுவேன்."

"பானுபென்? ஹலோ?" என்று பிரபாபென் கேட்டுக்கொண்டே இருந்தாள். "திறந்து வைக்கிறீங்கதானே?"